தோட்டத்து மனசும் உளச்சிகிச்சையும்: லுக்குட்டிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை



கல்வி உளவியல் தாளில் "உளச்சிகிச்சையின் வகைகளை விளக்குக" என்று கேள்வி வந்தால், பெரும்பாலோர் ஐந்தாறு பெயரை வரிசையா எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. மனப்பாடம் செய்த பட்டியல் மறுநாளே மறந்துபோகும். ஆனால் ஒவ்வொரு சிகிச்சையும் எங்கோ ஓர் இடத்தில், யாரோ சிலருடைய கஷ்டத்தைப் பார்த்துத்தான் பிறந்தது. அந்தக் கதை தெரிந்தால் பெயர் தானா நிற்கும். அதனால் இதை வரலாறாகவே பார்ப்போம். வியன்னாவில் தொடங்க வேண்டாம், நம்ம லுக்குட்டில் தொடங்குவோம்.

லுக்குட் என்றால் முதலில் ஈயம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ராஜா ஜுமாட் ஆண்டபோது இது சிலாங்கூரைச் சேர்ந்த செழிப்பான சுரங்க ஊர். பிற்பாடு சுங்கை ஊஜோங்கோடு சேர்ந்தது. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் ஓட ஆரம்பித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ரப்பர் எல்லாவற்றையும் மூடிவிட்டது. லின்சம், சுங்கை சாலாக், பிராட்வால், சுவா பெத்தோங் என்று இன்று தமிழ்ப்பள்ளிப் பெயர்களாக நாம் சொல்வதெல்லாம் அந்தக் காலத்துத் தோட்டப் பெயர்கள்தான்.

தோட்டத்தில் காய்ச்சல் வந்தால் டிரெசர் ஐயாவிடம் போவார்கள். கொயினா மாத்திரை கிடைக்கும். உடம்பு வேலைக்கு வரவேண்டும் என்பதில் துரைக்கு அக்கறை உண்டு. மனசு? "அவனுக்கு மனசு சரியில்ல" என்றால் போவதற்கு மூன்று இடம் இருந்தது: கோயில் பூசாரி அல்லது கோடாங்கி, கள்ளுக்கடை, அதுவும் முடியாமல் போனால் தஞ்சோங் ரம்புத்தான். இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உளச்சிகிச்சையின் வரலாறு முழுக்க இந்த மூன்றுக்கும் மாற்று தேடிய வரலாறு என்றே சொல்லலாம்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனை 1911-இல் பேராக்கில் திறக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் ஹோஸ்பிடல் பஹாகியா உலு கிந்தா. ஜொகூரில் தம்போய் மருத்துவமனை 1937-இல் வந்தது, இன்றைய பெர்மாய். ஊர்ப் பெயரே ஒரு வசவாகிப் போனது பாருங்கள். "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று வகுப்பில் பிள்ளைகள் இன்றும் ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்வது உங்கள் காதில் விழுந்திருக்கும்.

அதற்கு முன்பு கோலாலம்பூரில் ஒரு மனநோயாளர் காப்பகம் இருந்தது. அங்கே நடந்த ஒன்றுக்கும் நம் மாநிலத்துக்கும் தொடர்பு உண்டு. அப்போது நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்தவர் பிராடன். சுரங்கத்துச் சீனர்கள் பெரிபெரி நோயில் சாகிறார்கள், புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு அது வருவதில்லையே என்று அவர் கவனித்தார். 1907-இல் புத்தகமாகவும் எழுதினார். வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதிக்கக் கோலாலம்பூர் காப்பகத்து நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் இறந்தார்கள். வைட்டமின் ஆராய்ச்சிக்கு இது பெரிய படிக்கல் என்று மருத்துவ வரலாறு சொல்லும். உண்மைதான். ஆனால் அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பூட்டி வைத்து, சோறு போட்டு, கவனித்துப் பார்ப்பது. அன்றைய காப்பகம் அவ்வளவுதான். நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவது ஒரு சிகிச்சை என்ற எண்ணமே அங்கே இருக்கவில்லை.

அந்த எண்ணம் அதே காலத்தில் ஐரோப்பாவில் முளைத்துக்கொண்டிருந்தது. 1880-களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஜோசப் புரோயர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். மனசில் இருப்பதைப் பேசப் பேச அறிகுறிகள் தணிவதாக அந்தப் பெண்ணே சொல்லி, அதற்குப் "பேச்சுச் சிகிச்சை" என்று பெயரும் வைத்தார். பெயர் வைத்தது மருத்துவர் இல்லை, நோயாளி. பிராய்டும் புரோயரும் 1895-இல் அதை நூலாக்கினார்கள். அதிலிருந்து உளப்பகுப்பாய்வு வளர்ந்தது: சிறுவயது அனுபவம், அடக்கி வைத்த ஆசை, கனவு இவற்றை நீண்ட காலம் பேசிப் பார்ப்பது. திரும்பத் திரும்ப அதே மாதிரி உறவுச் சிக்கலில் மாட்டிக்கொள்பவர்களுக்கு அதன் இன்றைய சுருக்க வடிவங்கள் உதவுகின்றன. ஆசியாவுக்கு இது வராமலும் இல்லை. 1922-இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். பிராய்டோடு கடிதத்தில் வாதாடியவர் அவர்.

ஆனால் நம்ம கதைக்கு பிராய்டைவிட முக்கியமானவர் இன்னொருத்தர். பெயர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1901, 1902-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, 1906-இல் அவர்களைப் பற்றிய நூலை எழுதினாரே, அதே ரிவர்ஸ்தான். முதல் உலகப்போரில் அவர் இராணுவ மருத்துவராக ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். குண்டு வெடிப்பில் உடம்பில் காயமில்லாமல், ஆனால் நடுங்கிக்கொண்டு, இரவில் கத்திக்கொண்டு திரும்பிய அதிகாரிகள் அவரிடம் வந்தார்கள். எல்லோரும் அவர்களுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே: "மறந்திடு, அதை நினைக்காதே." ரிவர்ஸ் கவனித்தது என்னவென்றால், பகலில் மறக்க முயல முயல இரவில் கனவு மோசமாகிறது. அவர் மெல்ல மெல்ல நினைவைப் பேசவைத்தார். சிதறிப்போன நண்பனின் உடலைப் பார்த்த ஓர் அதிகாரிக்கு, அந்த நண்பன் வலி தெரியாமல் ஒரு நொடியில் போயிருப்பான் என்ற ஒரு கோணத்தைக் காட்டினார். நினைவு அழியவில்லை. தாங்கக்கூடியதாக மாறியது. இதை அவர் 1917-இல் உரையாக நிகழ்த்தினார். மறு ஆண்டு மருத்துவ இதழில் வெளிவந்தது.

இப்போது லுக்குட்டுக்குத் திரும்புவோம். ரிவர்ஸ் அதைச் சொல்லி 24 ஆண்டு கழித்து ஜப்பான்காரன் வந்தான். 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கதையைச் சினிமா சொன்னது. நம் ஆட்களின் கதையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக எழுதினார்கள். அது வர எத்தனை ஆண்டு ஆனது என்று யோசித்துப் பாருங்கள்.

திரும்பி வந்தவர்கள் மறுநாள் காலையில் பெரட்டுக்கு நின்றார்கள். யாரும் அவர்களை உட்காரவைத்துக் கேட்கவில்லை. "சயாமுக்குப் போய் வந்தவர், அதிகம் பேசமாட்டார்" என்று பல குடும்பங்களில் ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பேசாமைக்கு மருத்துவ உலகம் முறையான பெயர் கொடுத்தது 1980-இல்தான்: அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. அமெரிக்காவில் வியட்நாம் போர்வீரர்கள் போராடி வாங்கிய பெயர் அது.

திரும்பாதவர்களின் வீட்டு நிலைமை வேறு. உடல் இல்லை, கடிதம் இல்லை, நாள் தெரியாது. கருமாதி செய்யலாமா? பொட்டை அழிக்கலாமா, தாலியை எடுக்கலாமா? எடுத்த பிறகு வந்து நின்றால்? 1970-களில் பவுலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். துக்கம் முடிவதற்கு ஒரு முடிவு தெரியவேண்டும். அது தெரியாதவர்களிடம் "மறந்துட்டு வேலையைப் பாரு" என்பது உதவாது என்றார். அவர்களுக்கான சிகிச்சை குடும்பமாக உட்கார்ந்து, 'இருக்கிறார், இல்லை' என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கக் கற்றுக்கொள்வது. நம் பாட்டிகளில் பலர் அந்த வேலையைத் தனியாகவே, ஒரு படத்துக்குப் பூ வைப்பதா வேண்டாமா என்று தடுமாறியபடியே செய்தார்கள்.

இதை எழுதுவது கண்ணீர் வரவழைக்க இல்லை. அதே அதிர்ச்சிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடமே வேலை செய்து காட்டிய சிகிச்சை பிறகு வந்தது, அதைச் சொல்லத்தான். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை வந்த சில வாரத்தில், இலங்கை வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தங்கள் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை. பயங்கரம் நடந்த இடத்தில் நின்று நிதானமாகச் சொல்லவேண்டும். இன்னொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். சிகிச்சை கொடுத்தது உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்களின் உழைப்பால் இந்தத் துறை வளர்ந்தது. ஆசிரியர்களையே உளவளத்துணையாளர்களாகப் பயிற்றுவித்த ஊர் அது. குழுக்கள் சிறியவை, ஆகவே 81 பெரிசா 71 பெரிசா என்று தேர்வில் வாதாடவேண்டாம். இரண்டு வழியும் உதவியது என்று எழுதுங்கள், போதும்.

சரி, உங்கள் வகுப்பில் போர் நடக்கவில்லை. அங்கே அதிகம் நடப்பது பயம். தேர்வு மண்டபத்தில் வயிறு கலங்குவது, கறுப்புப் பலகைக்கு முன் வாய் அடைத்துப்போவது. இதற்குரிய சிகிச்சையின் கதை ஒரு முயலிலிருந்து தொடங்குகிறது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயல் கூண்டை தூரத்தில் வைத்தார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். 1958-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே இதை முறையாக்கினார்: உடம்பைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்து, பயத்தைச் சின்னதிலிருந்து பெரிசு வரை படிப்படியாகச் சந்திக்கவைப்பது. நடத்தைச் சிகிச்சை என்கிறோமே, அதன் இதயம் இதுதான். பாம்பு, உயரம், ஊசி, மேடை, தேர்வு என்று குறிப்பிட்ட பொருள்மேல் வரும் பயத்துக்கு இதைப்போல உதவுவது குறைவு. நீங்களே யோசித்துப் பாருங்கள்: மேடை பயம் உள்ள பிள்ளையை முதல் நாளே சபைகூடலில் மைக் முன்னாடி தள்ளுவது எதற்குச் சமம்? முயலைத் தூக்கிப் பீட்டர் மடியில் போடுவதற்குச் சமம்.

பயத்துக்கு அடுத்தது சோர்வு. இங்கே வருகிறவர் ஆரோன் பெக். உளப்பகுப்பாய்வில் பயின்றவர்தான். 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்தபோது, அவர்கள் மனசுக்குள் இடைவிடாமல் ஓடும் சின்னச் சின்ன வாக்கியங்கள் அவர் கண்ணில் பட்டன. "நான் உதவாக்கரை." "எனக்கு எதுவும் சரியா வராது." இவை கேள்வி கேட்கப்படாமலேயே உண்மையாக நம்பப்படுகின்றன. அதனால் பெக் அந்த வாக்கியங்களை நோயாளியோடு சேர்ந்து சோதித்தார்: ஆதாரம் என்ன? வேறு விளக்கம் உண்டா? ஆல்பர்ட் எல்லிஸ் அவருக்கும் முன்னதாக, 1955 வாக்கில், இதே திசையில் போயிருந்தார். இந்த அறிதல் முறையும் நடத்தை முறையும் சேர்ந்துதான் இன்று உலகெங்கும் சிபிடி என்று வழங்குகிறது. மனச்சோர்வு, பதற்றம், திடீர்ப் பீதி, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு அதிகம் ஆராயப்பட்ட சிகிச்சை இது. 12 முதல் 20 அமர்வில் முடியும், வீட்டுப்பாடமும் உண்டு. வீட்டுப்பாடம் இருப்பதால் ஆசிரியர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. "நேர்மறையா நினை" என்று சொல்வது சிபிடி கிடையாது. வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால், "என் வீடு பாதுகாப்பா இல்ல" என்ற பிள்ளையின் எண்ணம் சரியான எண்ணம். அங்கே மாற்றவேண்டியது எண்ணத்தை இல்லை, வீட்டை.

குடி என்றதும் கள்ளுக்கடை ஞாபகம் வரும். தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை நடத்திய காலம் நம் சமூக வரலாற்றின் கசப்பான பக்கம். 1940-களில் கெடாவில் தொண்டர் படையினர் அதை எதிர்த்துப் போராடினார்கள். குடியை ஒழுக்கக் குறையாகப் பார்த்தே நாம் பழகிவிட்டோம். திட்டினால் திருந்துவார்கள் என்று நம்பினோம். 1983-இல் வில்லியம் மில்லர் ஓர் எளிய விஷயத்தை எழுதினார்: எவ்வளவு அழுத்திச் சொல்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு வரும், குடிப்பவர் வாயிலிருந்தே மாறவேண்டிய காரணம் வரும்படி கேட்கவேண்டும். ஊக்க நேர்காணல் என்று இதைச் சொல்லலாம். கோவாவில் 2017-இல் வெளியான ஆய்வுகளில், மருத்துவப் பட்டம் இல்லாத, ஆனால் நன்றாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சுகாதார நிலையங்களில் சில அமர்வுகள் மட்டும் நடத்தி, அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கும் மனச்சோர்வுள்ளவர்களுக்கும் உதவமுடியும் என்று காட்டினார்கள். ஒரு உடம்பு விஷயமும் சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் குடிப்பவருக்கு, பெரிபெரியில் குறைந்த அதே வைட்டமின் குறைந்து ஞாபகசக்தியே பாழாகலாம். அதனால் முதலில் டாக்டர், பிறகுதான் பேச்சு.

குடும்பம் என்று வரும்போது நம்மவர்கள் உலகத்துக்குக் கொடுத்த ஒன்று உண்டு. ஐரோப்பியக் காப்பகங்கள் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்தன. அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் 1950-களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களையும் தங்கவைத்தார். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் திறந்தபோது அதையே நிரந்தர முறையாக்கியது. நோயாளியோடு அம்மாவோ அண்ணனோ கூடவே தங்குவார், சமைப்பார், நோயைப் பற்றிப் படிப்பார். மனச்சிதைவு போன்ற கடும் நோய்க்கு மருந்துதான் முதல். ஆனால் குடும்பத்துக்கு நோய் புரிந்தால் மறுபடி நோய் முற்றுவது குறைகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன. லயத்து வீட்டில் பத்துப் பேர் ஒன்றாக இருந்த நமக்கு இது ஒன்றும் புதுசில்லை. அந்தப் பத்துப் பேருக்கும் நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

கோயிலைப் பற்றி என்ன சொல்வது? வசதியாக ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2002-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்தார்கள். சங்கிலி இல்லை, மருந்தும் இல்லை. அமைதியான இடம், சின்னச் சின்ன வேலை, கூடவே ஓர் உறவினர். சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் கடுமை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். இரண்டும் "நம்பிக்கை வழிச் சிகிச்சை" என்ற ஒரே தலைப்பில்தான் வரும். அதனால் ஒரு பெற்றோர் "சாமி பார்க்கப் போறோம் சார்" என்றால் சண்டை பிடிக்காதீங்க. போங்க, ஆனா டாக்டரையும் பாருங்க, யாரையும் கட்டிவைக்காதீங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்பார்கள்.

இனிப் பள்ளிக்கூடம். நம் பள்ளிகளில் ஜி.பி.கே. ஆசிரியர்கள் செய்வது பெரும்பாலும் கார்ல் ரோஜர்ஸ் வழி. 1940-களிலும் 50-களிலும் அவர் சொன்னது: ஆலோசகர் புத்திமதி சொல்பவர் அல்ல, உண்மையாக இருப்பவர், நிபந்தனையில்லாமல் மதிப்பவர், மற்றவர் இடத்திலிருந்து புரிந்துகொள்பவர். "நோயாளி" என்ற சொல்லையே அவர் கைவிட்டார். கேட்க எளிது. ஆனால் தினமும் 30 பிள்ளைகளைத் திருத்தியே பழகிய நமக்கு, ஐந்து நிமிஷம் திருத்தாமல் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பாருங்கள்.

மலேசியாவில் பள்ளி வழிகாட்டல் 1960-களில் தொடங்கியது. 1996-இலிருந்து இடைநிலைப் பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசகர்கள் வந்தார்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், பதிவு பெறாதவர் ஆலோசகர் என்று தொழில் நடத்தக்கூடாது என்றது. தொடக்கப்பள்ளிக்கோ மாணவர் எண்ணிக்கையைப் பார்த்தே முழுநேர ஆலோசகரைத் தருகிறார்கள். தோட்டத்து மக்கள் சிரம்பானுக்கும் சிலாங்கூருக்கும் போய்விட்ட பிறகு, சில பத்துப் பிள்ளைகளோடு இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு அந்தக் கணக்கில் என்ன கிடைக்கும்? வகுப்பாசிரியர்தான் எல்லாம்.

இது சாதாரண விஷயம் இல்லை. 1988-இல் மருத்துவர் தி. மணியம் கேமரன் மலையில் செய்த ஆய்வு, தற்கொலையும் தற்கொலை முயற்சியும் அங்குள்ள இந்தியர்களிடையே மிக அதிகம் என்று காட்டியது. அங்கே இந்தியர் என்றால் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். 2022-இன் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் வளரிளம் பருவத்தினர் நான்கு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி இருப்பதாகச் சொல்கிறது. உங்கள் வகுப்பில் 20 பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களுக்காக மார்ஷா லினெஹன் உருவாக்கிய முறை இருக்கிறது. பொங்கிவரும் உணர்ச்சியைத் தாங்கும் திறன்களை வகுப்புப் பாடம்போலவே கற்பிப்பது அது. ஆனால் அதைச் செய்யவேண்டியவர் பயிற்சி பெற்ற நிபுணர். ஆசிரியர் செய்யவேண்டியது கவனிப்பது, கேட்பது, கைப்பிடித்து அடுத்த இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. "சாகணும்போல இருக்கா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்கலாம். கேட்டபின் தனியாக விடக்கூடாது.

முன்பு இதில் ஒரு சட்டப் பயமும் இருந்தது. தற்கொலை முயற்சி குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் குற்றம். பிள்ளை பிழைத்தாலும் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று வீட்டார் வாயைத் திறக்கமாட்டார்கள்; வயிற்றுவலி என்று சொல்லி மருத்துவமனையில் சேர்ப்பார்கள். 2023 மே மாதம் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்க வாக்களித்தது. செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய பயம் இன்னும் பல பெற்றோரிடம் இருக்கிறது, ஆகவே சட்டம் மாறிவிட்டதை அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பிஃபிரெண்டர்ஸ் எண் 03-76272929, இரவிலும் எடுப்பார்கள். இரண்டையும் அறிவிப்புப் பலகையில், பிள்ளைகள் கண் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.